மறந்துபோன கடவுச்சொல்லும் மூன்று வோல்ட் மின்கலமும்

கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒருமுறை பொருள் சரிபார்ப்பு என்று ஒரு சடங்கு உண்டு. பதிவேட்டில் எழுதியுள்ள கருவிகள் எல்லாம் அலமாரியில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பார்கள். உடைந்தவையும் பழுதானவையும் கழிவுப் பட்டியலில் சேரும். எங்கள் இயற்பியல் துறைக்காக நான் அந்தப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தபோது, மூலையில் துணி போர்த்திக் கிடந்த ஒரு பழைய மேசைக் கணிப்பொறியின் முறை வந்தது.

"அதையும் எழுதிக்குங்க சார், அது ஓடாதுங்க" என்றார் ஆய்வுக்கூட உதவியாளர்.

"பழுதா?" என்றேன்.

"பழுதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. போட்டவுடனே பாஸ்வேர்டு கேக்குது. யாருக்கும் தெரியாதுங்க."

மாணவ நண்பர்களே, இந்தப் பதில் எனக்கு வியப்பாக இருந்தது. எரிந்துபோகவில்லை, துருப்பிடிக்கவில்லை, ஒரு திருகாணிகூடக் கழன்று விழவில்லை. ஆயினும் அது செத்த பொருள். ஒரே ஒரு சொல் யாருடைய நினைவிலும் இல்லை என்பதுதான் அதற்கு வந்த நோய்!

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளி, அடியில் கடும்பாறை கொண்ட நிலம். இங்கே கிணற்று நீர்தான் வேளாண்மையின் உயிர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு இந்தியா முழுவதும் போய் வருகின்றன என்பதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு முன்பிருந்த பேராசிரியர் ஒருவர், ஊருக்குப் போகும் மாணவர்களிடமெல்லாம் ஒரு வேலை கொடுத்தனுப்புவார். கயிற்றில் கல்லைக் கட்டித் தங்கள் தோட்டத்துக் கிணற்றில் இறக்கி, நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து வர வேண்டும். அந்த அளவுகளை அவர் பல ஆண்டுகள் அந்தக் கணிப்பொறியில் பதிந்து வைத்திருந்தார். காகிதத்தில் எழுதியவை இடமாற்றத்தின்போது போய்விட்டன. மீதியிருந்தது அந்தப் பெட்டி மட்டுமே.

அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். ஓய்வு பெற்று நெடுநாளாகிவிட்டது. மாணவர்கள் அமைப்புகளைக் கலைத்துவிடக் கூடாதே என்று தாமே கடவுச்சொல் வைத்ததாக நினைவிருந்தது. சொல் நினைவில்லை. தம் முதல் ஸ்கூட்டரின் எண்ணைச் சொன்னார். மகளின் செல்லப் பெயரைச் சொன்னார். ஊர்ப் பெயரை மூன்று விதமாக எழுத்துக் கூட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று வருத்தத்தோடு முடித்தார்.

வழி காட்டியவர் எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர். அவருடைய தந்தை நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். "சார், வண்டியில பேட்டரியக் கழட்டுனா ரேடியோ வெச்ச ஸ்டேஷனெல்லாம் மறந்துருமுங்க. இதுலயும் ஒரு சின்ன பேட்டரி இருக்குதுங்களே, அதக் கழட்டிப் பாக்கலாமுங்களா?" என்றார். இயற்பியல் படித்த நான் முதலில் நினைத்திருக்க வேண்டிய காரியம். பட்டறையில் வளர்ந்த பிள்ளைக்கு அது முதலில் தோன்றியது.

துறைத்தலைவரின் அனுமதி பெற்றுக்கொண்டு மின் இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கினோம். உடலில் தங்கியிருக்கும் நிலைமின்னூட்டம் சில்லுகளைக் கெடுக்கும் என்பதால் பெட்டியின் உலோகச் சட்டத்தைக் கையால் தொட்டுக்கொண்டோம். பக்கவாட்டுத் தகட்டைத் திருப்புளியால் கழற்றியபோது, மதர்போர்டின் ஓரத்தில் நாணயம்போல் வட்டமான ஒரு மின்கலம் தெரிந்தது. அதன் மேல் 'சி.ஆர்.2032' என்று பொறித்திருந்தது. இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். லித்தியமும் மாங்கனீசு டையாக்சைடும் சேர்ந்து 3 வோல்ட் தரும். அதை நெம்பி எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். கடையிலிருந்து நாற்பது ரூபாய்க்கு வாங்கி வந்த புதிய மின்கலத்தைப் பொருத்தி இணைப்புக் கொடுத்தோம்.

திரை ஒளிர்ந்தது. நினைவகக் கூட்டல் பிழை என்று ஓர் எச்சரிக்கை வந்தது. நாளும் நேரமும் தவறு என்று மற்றொன்று. கடவுச்சொல்லை அது கேட்கவேயில்லை. தன் பிறந்தநாளுக்கே திரும்பிப் போய்விட்ட கிழவரைப்போல, பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதியின் நள்ளிரவைக் காட்டிக்கொண்டு, அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்டது. ஹார்டு டிஸ்க்கில் கிணறுகளின் கணக்கு முழுதும் அப்படியே இருந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன். ஆனால் அன்றிரவு வீடு திரும்பும்போது வேறொரு கேள்வி உறுத்தியது. ஒரு திருப்புளியும் கால் மணி நேரமும் இருந்தால் திறந்துகொள்ளும் இந்தப் பூட்டு, இத்தனை நாள் எதைக் காத்துக்கொண்டிருந்தது? உரிமையுள்ள எங்களை உள்ளே விடாமல் தடுத்தது. திருட வருபவனையோ அது தடுத்திருக்கவே முடியாது! இதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். முதலில் அந்தச் சின்ன மின்கலம் செய்த வேலையைப் பார்ப்போம்.

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனியாள் கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் இத்தகைய மின்கலம் இல்லை. எவ்வளவு நினைவகம் உள்ளது, எத்தனை வட்டு இயக்கிகள் உள்ளன என்பவற்றை மதர்போர்டின் மேல் இருந்த சின்னஞ்சிறு சுவிட்சுகளைத் தள்ளித் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும், இன்று என்ன தேதி என்று அது நம்மையே கேட்கும். 1984இல் வந்த ஏ.டி. என்னும் மாதிரியில் மோட்டோரோலா நிறுவனத்தின் கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்தினார்கள். அதில் இருந்த நினைவகம் மொத்தம் 64 பைட்டு. ஆம், அறுபத்து நான்கே எழுத்துகள் எழுதும் இடம். கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் 14 போக, மீதி 50 பைட்டில் கணிப்பொறியின் அமைப்புகளை எழுதி வைத்தார்கள். பின்னாளில் வந்த கணிப்பொறிகளில் தொடக்கக் கடவுச்சொல்லும் இதே நினைவகத்தில்தான் குடியேறியது.

(அந்தக் கடிகாரத்தின் குவார்ட்சு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விநோதமான எண்? இரண்டால் பதினைந்து முறை வகுத்துப் பாருங்கள், தெரியும். உங்கள் கைக்கடிகாரத்திலும் இதே எண்தான்.)

இந்த நினைவகம் சீமாஸ் என்னும் முறையில் செய்யப்பட்டது. 1963இல் அமெரிக்காவில் பிராங்க் வான்லஸ் என்பவர் உருவாக்கிய முறை இது. இரண்டு வகை டிரான்சிஸ்டர்களை எதிரெதிராக இணைத்து, ஒன்று திறந்திருக்கும்போது மற்றொன்று மூடியிருக்குமாறு அமைப்பார்கள். ஆகையால் நிலை மாறும் கணத்தில் மட்டுமே குறிப்பிடத்தக்க மின்னோட்டம் செல்லும். சும்மா நினைவில் வைத்திருப்பதற்கு ஏறக்குறைய ஒன்றும் செலவில்லை. நமது நாணய மின்கலத்தின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரமும் நினைவகமும் சேர்ந்து 5 மைக்ரோ ஆம்பியர் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 44,000 மணி நேரம், அதாவது ஐந்து ஆண்டுகள். இணைப்பில் இருக்கும் நேரமெல்லாம் மின்கலத்துக்கு ஓய்வு என்பதால் அதற்கு மேலும் வரலாம்.

ஆனால் இந்தச் சிக்கனமே நமக்குச் சிறு தொல்லையும் தருகிறது. மின்கலத்தை எடுத்த உடனே நினைவு அழியாது. சுற்றில் உள்ள மின்தேக்கிகளில் கொஞ்சம் மின்னூட்டம் மிச்சமிருக்கும். 100 மைக்ரோ ஃபாரடு மின்தேக்கி ஒன்று 3 வோல்ட்டில் இருந்தால் அதில் 300 மைக்ரோ கூலும் உண்டு. மாறாமல் 5 மைக்ரோ ஆம்பியர் வீதம் எடுத்தால் அது தீர 60 நொடி பிடிக்கும். பத்து நிமிடம் பொறுங்கள் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது வெறும் சம்பிரதாயம் அன்று. பள்ளியில் படிக்கும் மின்னியல்தான். இணைப்பைப் பிடுங்கிய பின் இயக்கும் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடிப்பதும் மிச்ச மின்னூட்டத்தை வடிப்பதற்கே. பல மதர்போர்டுகளில் மின்கலத்தின் அருகே மூன்று ஊசிகளும் அவற்றில் இரண்டை இணைக்கும் ஒரு சிறு தொப்பியும் இருக்கும். இணைப்பு இல்லாதபோது அந்தத் தொப்பியைப் பக்கத்து ஊசிக்கு மாற்றிச் சில நொடி வைத்தாலும் இதே பலன் கிடைக்கும்.

நினைவு அழிந்ததைக் கணிப்பொறி எப்படி அறிந்துகொண்டது? நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிப் போகும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டைக்கு 30 முட்டை. இத்தனை அட்டை, மொத்தம் இத்தனை முட்டை என்று சீட்டில் எழுதியிருக்கும். இறக்கும் இடத்தில் எண்ணிப் பார்த்துக் கூட்டல் ஒத்துவராவிட்டால் அந்தச் சீட்டையே ஏற்க மாட்டார்கள். நினைவகத்திலும் எல்லா எண்களின் கூட்டுத்தொகையும் ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் கணிப்பொறி கூட்டிப் பார்க்கும். பொருந்தாவிட்டால் உள்ளே இருப்பது முழுதும் குப்பை என்று தள்ளிவிட்டு, ஆலையில் கொடுத்த பழைய அமைப்புகளுக்குத் திரும்பிவிடும். அந்த அமைப்பில் கடவுச்சொல் கிடையாது. ஏற்கெனவே உள்ளே நுழைந்த ஒருவர், அந்தக் கூட்டுத்தொகையில் ஒரே ஒரு பைட்டை வேண்டுமென்றே தவறாக மாற்றியும் இதே விளைவை உண்டாக்கலாம். அன்றைய டாஸ் இயக்கத்தில் இரண்டு வரிக் கட்டளை போதுமானதாக இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1990களில் மிகுதியாகப் புழங்கிய அவார்டு நிறுவனத்தின் பயாஸ், கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காமல் அதை 16 பிட்டு எண்ணாகச் சுருக்கி வைத்தது. 16 பிட்டில் எத்தனை எண்கள் உண்டு? 65,536 மட்டுமே. எட்டெழுத்துச் சொற்களோ கோடி கோடியாக உண்டு. ஆகவே ஒரே எண்ணாகச் சுருங்கும் சொற்கள் ஏராளம். நீங்கள் வைத்த சொல்லுக்குத் துளியும் தொடர்பில்லாத வேறொரு சொல்லும் அந்தப் பூட்டைத் திறந்துவிடும்! ஒரே சாவி தெருவில் பத்து வீட்டைத் திறக்கும் கதைதான். போதாதென்று, பழுதுபார்ப்பவர்களுக்காக எல்லாப் பொறிகளையும் திறக்கும் பொதுச்சொற்களையும் சில பயாஸ் நிறுவனங்கள் வைத்திருந்தன. அவை இரகசியமாக நெடுநாள் நிற்கவில்லை. ஊரறிந்த இரகசியம் ஆயின.

திண்டுக்கல் பூட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பூட்டைச் செய்யும் கைவினைஞர் எவரும், பூட்டு வலிவாக இருந்தால் மட்டும் போதும் என்று சொல்ல மாட்டார். தாழ்ப்பாள் எதில் அறைந்திருக்கிறது, கதவின் கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் கேட்பார். தொடக்கக் கடவுச்சொல் என்பது வாசலில் நிற்கும் காவல்காரர் மட்டுமே. வீட்டுப் பின்சுவரில் கதவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. ஹார்டு டிஸ்க்கை நான்கு திருகாணி கழற்றி எடுத்து வேறொரு கணிப்பொறியில் பொருத்தினால் உள்ளே உள்ள எல்லாவற்றையும் படிக்கலாம். காவல்காரர் பழைய பெட்டியின் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்!

இது வெறும் வேடிக்கை அன்று. "பாஸ்வேர்டு போட்டிருக்கிறதே, யாரால் பார்க்க முடியும்" என்று எண்ணிக்கொண்டு, அலுவலகக் கணிப்பொறிகளைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். உள்ளே மாணவர்களின் முகவரிகள், மதிப்பெண்கள், வங்கிக் கணக்கு எண்கள் இருக்கக்கூடும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி இத்தகைய பொருள்கள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும். யாரிடம் போனாலும் சரி, வட்டைக் கழற்றி முழுதும் அழித்த பிறகே போக வேண்டும் என்பது என் கருத்து.

இனி மடிக்கணினிக்கு வருவோம். தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அவ்வாறு வழங்கப்பட்டவை இலட்சக்கணக்கில். அக்காவோ அண்ணனோ படித்து முடித்து வேலைக்குப் போன பின், பரண்மேல் ஒன்று கிடக்கும் வீடுகள் எங்கள் பகுதியில் நிறைய. தம்பி தங்கையர் அதை எடுத்துத் துடைத்து இயக்கிப் பார்த்துவிட்டு, கடவுச்சொல் கேட்கிறது என்று என்னிடம் தூக்கி வருவதுண்டு. மேசைக் கணிப்பொறியின் வைத்தியம் இங்கே பெரும்பாலும் பலிக்காது. மடிக்கணினிகள் பலவற்றில் தொடக்கக் கடவுச்சொல் மின்கலத்தை நம்பி வாழும் நினைவகத்தில் இல்லை. மின்சாரம் இல்லாமலே நினைவில் வைத்திருக்கும் வேறு வகைச் சில்லில் அது இருக்கிறது. 1967இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் சீ ஆகிய இருவரும் கண்ட மிதக்கும் மின்வாய் என்னும் கருத்து இதற்கு அடிப்படை. கண்ணாடி போன்ற சிலிக்கன் டையாக்சைடு மின்காப்பினால் நாற்புறமும் சூழப்பட்ட ஒரு தீவில் எலக்ட்ரான்களைச் சிறை வைத்துவிடுவார்கள். வெளியேற வழியில்லை. பத்தாண்டுக்கு மேலும் அவை அங்கேயே கிடக்கும். மின்கலத்தைக் கழற்றினால் அவற்றுக்கு என்ன?

ஆகவே மடிக்கணினியைக் குடைய வேண்டாம். அதன் பெரிய லித்தியம் மின்கலத்தைத் திருப்புளியால் குத்திவிட்டால் தீப்பற்றும். வாங்கிய சான்றைக் காட்டித் தயாரிப்பாளரின் சேவை மையத்தை அணுகுவதே முறை. அல்லது அக்காவைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பல சமயம் அது இயங்குமுறையின் கடவுச்சொல்லாகவே இருக்கும். அக்காவுக்கு நினைவும் இருக்கும்.

மற்றொன்றும் உண்டு. வட்டில் உள்ள எழுத்துகளையே மறைகுறியாக மாற்றி எழுதும் முறை இப்போது பெருகிவருகிறது. இங்கே கடவுச்சொல் காவல்காரர் அன்று; அதிலிருந்தே திறவுகோல் பிறக்கிறது. திறவுகோல் இல்லாவிட்டால் வட்டில் இருப்பது பொருளற்ற எண்களின் குவியல். 128 பிட்டுத் திறவுகோல் என்றால் ஏறக்குறைய 3.4 × 10³⁸ வாய்ப்புகள். நொடிக்கு 10¹⁸ வாய்ப்புகளைச் சோதிக்கும் ஒரு பொறி இருந்தாலும், எல்லாவற்றையும் சோதிக்கப் பத்து இலட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். இந்தப் பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். எங்கள் பேராசிரியர் இந்த முறையைக் கையாண்டிருந்தால், கிணறுகளின் கணக்கு கிணற்றில் போட்ட கல்தான்.

எனவே நல்ல பூட்டு வைத்துக்கொள்வது நல்லதுதான் என்றாலும், பூட்டு நல்லதாக ஆக ஆக மறதியின் விலையும் ஏறிக்கொண்டே போகிறது. இதை நம் பள்ளிகளும் கல்லூரிகளும் இன்னும் உணரவில்லை என்பதே என் குறை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. நார்வே நாட்டில் மொழியறிஞர் ஈவர் ஓசன் பெயரில் ஒரு பண்பாட்டு மையம் இருக்கிறது. பேராசிரியர் யூப்பெடால் என்பவர் திரட்டிய பெரிய நூல் தொகுப்பின் பட்டியல் அங்கே கணிப்பொறியில் இருந்தது. அவர் இறந்துவிட்டார். அவர் வைத்த கடவுச்சொல் அவரோடே போய்விட்டது. அது தொடக்கக் கடவுச்சொல் அன்று, தரவுத் தொகுப்பின் கடவுச்சொல். ஆனால் துயரம் ஒன்றே. 2002இல் அந்த மையம் கணிப்பொறி வல்லுநர்களின் உதவியைப் பகிரங்கமாகக் கேட்டது. விரைவிலேயே விடை வந்தது. பேராசிரியர் தம் குடும்பப் பெயரின் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலாகத் திருப்பி எழுதியிருந்தார், அவ்வளவுதான்! இதைப் படித்த அன்று எங்கள் பேராசிரியரின் பெயரையும் தலைகீழாக எழுதிப் பார்த்தேன். அது உதவவில்லை.

கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொந்தக் கணக்குக்கு அந்த அறிவுரை ஓரளவு சரி. பொதுப் பொருளுக்கு அது தவறு என்பேன். ஆய்வுக்கூடக் கணிப்பொறியின் கடவுச்சொல் ஆசிரியரின் சொத்து அன்று, ஆய்வுக்கூடத்தின் சொத்து. அலமாரிச் சாவியைப் பதிவேட்டில் எழுதி அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நாம், சொல்லை மட்டும் மண்டைக்குள் வைத்துக்கொண்டு ஓய்வு பெற்றுப் போகிறோம்.

எழுதி வைத்தால் எவராவது பார்த்துவிடுவார்களே என்பீர்கள். நம் ஊர்க் கோயில் உண்டியலைப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுகள், சாவிகள் வெவ்வேறு கைகளில். எல்லோரும் கூடினால்தான் திறக்கும். கணிதத்தில் இதைவிட அழகான வழி ஒன்று இருக்கிறது. 1979இல் இஸ்ரேலியக் கணித அறிஞர் ஆதி ஷமீர் வெளியிட்டார். ஒன்பதாம் வகுப்பு ஆயத்தொலைவு வடிவியல் போதும், செய்து பார்க்கலாம்.

மறைக்க வேண்டிய எண் 27 என்க. y = 4x + 27 என்ற நேர்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 4 என்பது நாமாகத் தேர்ந்த எண். வேறு எதுவாகவும் இருக்கலாம். x = 1, 2, 3 என்று இட்டால் y = 31, 35, 39. துறைத்தலைவரிடம் (1, 31) என்றும், ஆசிரியரிடம் (2, 35) என்றும், உதவியாளரிடம் (3, 39) என்றும் சீட்டுக் கொடுத்துவிடுங்கள். கோட்டை அழித்துவிடுங்கள். இப்போது மூவரில் எந்த இருவர் கூடினாலும் கோட்டை வரைந்துவிடலாம். தலைவரும் உதவியாளரும் கூடினால், x இரண்டு கூடும்போது y எட்டுக் கூடுகிறது; ஆகவே சாய்வு 4; x = 0 எனும்போது 31 − 4 = 27. ஆனால் ஒருவர் மட்டும் என்ன முயன்றாலும் முடியாது. ஒரு புள்ளி வழியே எண்ணிறந்த கோடுகள் செல்லும், அவை y அச்சை எங்கு வேண்டுமானாலும் வெட்டும். ஒருவர் மறந்தாலும், ஓய்வு பெற்றாலும், இல்லாமலே போனாலும் மற்ற இருவர் போதும். மூவர் கூடினால்தான் திறக்க வேண்டும் என்றால் கோட்டுக்குப் பதில் பரவளையம் எடுத்துக்கொள்ளுங்கள். (நடைமுறையில் இந்தக் கணக்கை வகுத்த மீதிகளைக் கொண்டு செய்வார்கள். இல்லாவிட்டால் எண்களின் பருமனே கொஞ்சம் காட்டிக்கொடுத்துவிடும்.)

எங்கள் துறையில் இவ்வளவு தூரம் போகவில்லை. அரக்கு வைத்த உறை ஒன்றில் சொல்லை எழுதி, மேலே இருவர் கையெழுத்திட்டு, பொருள் பதிவேட்டோடு சேர்த்து வைத்திருக்கிறோம். அந்த மாணவர் நேர்கோட்டு முறையைத்தான் வற்புறுத்தினார். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் இதைப் படித்துவிட்டுத் திருப்புளியைத் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். முதலில், யாருடைய பொறி என்று கேளுங்கள். உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணிப்பொறிக்குள் நுழைவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தண்டனைக்குரியது. விளையாட்டுக்குச் செய்தேன் என்பது விடையாகாது. பள்ளியில் என்றால் ஆசிரியர் அருகில் இருக்கட்டும். மின்வழங்கிப் பெட்டியையும் பழைய குழாய்த் திரையையும் ஒருபோதும் திறக்காதீர்கள், இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அவற்றில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். கழற்றிய நாணய மின்கலத்தைத் தரையில் விடாதீர்கள். தவழும் குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கும். அவ்வாறு நேர்ந்தால் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அந்தப் பழைய கணிப்பொறி இப்போது கழிவுப் பட்டியலில் இல்லை. கிணற்று அளவுகளை இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்துவிட்டோம். இந்த ஆண்டு மாணவர்கள் மீண்டும் கயிறும் கல்லுமாகக் கிளம்பியிருக்கிறார்கள். செய்தி சொல்லப் பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருக்கு அளவற்ற மகிழ்ச்சி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"தொறந்தது சரிங்க தம்பி. நான் வெச்ச சொல்லு என்னன்னு பாத்தீங்களா?"

அது தெரியாது என்றேன். மின்கலத்தைக் கழற்றியபோதே அழிந்துபோயிற்று, இனி யாராலும் சொல்ல முடியாது என்று விளக்கினேன். சற்று நேரம் அவர் பேசவில்லை.

"அடடா" என்றார், "அதத்தானே நான் இத்தன நாளா யோசிச்சிட்டு இருந்தேன்."